மூக்கையும் விரலையும் நம்பாதே என்றார் ஆசான்

எங்கள் போட்டில் அன்றைக்கு முதலில் வாந்தி எடுத்தது பெரியப்பா. வயது 58. பத்து வயதில் கட்டுமரம் ஏறியவர். அலை எப்படி அடித்தாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோறு பிசைந்து தின்னக்கூடிய ஆள். அவர் போட்டை ஓட்டுகிற அறையான வீல் ஹவுஸின் வாசலில் குந்தியிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. "பெரியப்பா, வயசாயிட்டு" என்று கேலி பேசினோம். அரைமணி நேரத்தில் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. சமையல் பார்க்கிற பையன் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தான். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அது ஆகஸ்ட் முதல் வாரம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல் இருப்பதால் மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று மேற்கே வந்தால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாங்கள் மேற்குக்காரர்கள். 61 நாள் கட்டிக் கிடந்த போட்டை இறக்கி, கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற முதல் தங்கலுக்குப் போயிருந்தோம். அந்த 61 நாளில் பெயின்ட் அடித்தோம், வலை கட்டினோம், ஐஸ் பெட்டியைச் சரி பண்ணினோம். எஞ்சினுக்கு ஆயில் மாற்றினோம். சைலன்சர் பைப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஓட்டை விழுந்தால் சத்தம் வரும், தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

இரவு முழுக்க மழை. வீல் ஹவுஸின் பலகைக் கதவுகளை இறுக்கி அடைத்துவிட்டு ஐந்து பேர் உள்ளே படுத்திருந்தோம். எஞ்சின் அறை எங்களுக்கு நேர் கீழே. போட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, காற்று பின்னாலிருந்து. மூன்று பேர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் மழை விட்டது, கதவைத் திறந்தோம், வெளியே வந்து உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. குற்றம் முந்தின நாள் இரவுச் சாளைக் குழம்பின் மேல் விழுந்தது. அந்தப் பையனைத் திட்டாத ஆளில்லை, பாவம்.

கரைக்கு வந்ததும் இதை வேடிக்கையாகத்தான் ஆசானிடம் சொன்னேன். ஆசான் என்பது எங்கள் பக்கத்து எஞ்சின் மெக்கானிக். ஊரில் பாதி போட்டுகளின் எஞ்சினை அக்கு அக்காகப் பிரித்துக் கோர்த்தவர். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெளிய நின்னவனுவளுக்குத் தலவலி இருந்தா?"

"இல்ல ஆசானே."

"அவனுவளும் அதே கொழம்பத்தான தின்னானுவ?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. "கொழம்பக் குத்தம் சொல்லாத மக்கா. பொகையக் குத்தம் சொல்லு" என்றார்.

புகை என்று அவர் சொன்னாலும், கண்ணில் படுகிற கறுப்புப் புகை அல்ல விஷயம். எரியும் எண்ணெய்க்குப் போதிய காற்று கிடைக்காதபோது உண்டாகிற கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கைகால் சோர்வு. அப்புறம் தூக்கம், சில நேரம் எழும்பாத தூக்கம். முதல் நான்கையும் வரிசையாகப் பாருங்கள், கடல் வாந்திக்கும் அதே குறிதான். தொழிலுக்குப் புதிதாக வந்தவன் இந்த வரிசையில் விழுந்தால் யாரும் சந்தேகப்படப்போவதில்லை. பெரியப்பா விழுந்ததால்தான் எங்களுக்குத் துப்புக் கிடைத்தது.

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் இதைக் கக்கும். அதனால் "நம்மது டீசல்தானே" என்று அசட்டையாக இருக்கிறோம். மூடிய அறைக்குள் ஒரு ராத்திரி முழுக்கச் சேர்ந்தால் குறைவும் போதும். இன்னொன்று, பைப்பில் ஓட்டையே இல்லாவிட்டாலும் மெதுவாக ஓடும்போது பின்காற்று அடித்தால் வெளியே போன புகை சுற்றிக்கொண்டு வீல் ஹவுஸுக்குள் வரும். எங்களுக்கு அன்றைக்கு இரண்டும் சேர்ந்திருந்தது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி, போட்டின் மருந்துப் பெட்டியில் வைத்திருந்தோம். பெரியப்பாவுக்கு அன்றைக்கு மாட்டினோம், 98 காட்டியது. அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தோம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த விஷம் ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. ரத்தம் இரண்டிலும் சிவப்பாகத்தான் இருக்கும், கருவி நல்ல எண்ணைக் காட்டிவிடும். உள்ளே படுத்தவர்களில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே வந்ததும் அது குறைந்தால், எண் என்ன காட்டினாலும் கதவைத் திற, எஞ்சினை நிறுத்து, ஆளை வெளியே தூக்கு. மயங்கிக் கிடப்பவனுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டும், வேறு கைவைத்தியம் கிடையாது.

சரி, ஆசான் தேடிய விதத்துக்கு வருகிறேன்.

போட்டை மறுபடி யார்டில் ஏற்றினோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் ஓட்டை தெரியுமே என்று நான் கதவைத் திறந்தேன். "ஓடாத எஞ்சின்ல பாதிக் கசிவக் கண்டுபிடிக்கலாம். ஓடுற எஞ்சின்கிட்ட பாதி வேலைக்குத்தான் போகணும்" என்றார். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தார். எஞ்சின் அறையின் மூடி, காற்றுப்போக்கி எல்லாம் திறந்து அரைமணி நேரம் விட்டார். அந்த அரைமணியும் எங்களிடம் ஊர்க்கதை பேசினார். அப்புறம் நான் கட்டியிருந்த சாரத்தை, அதாவது லுங்கியைக் காட்டி, "இத மாத்திட்டு வா" என்றார். தொங்குகிற துணியோடு பெல்ட் பக்கம் போகிறவனை அவர் அறைக்குள் விடமாட்டார். துண்டுக்கும் அதே சட்டம்தான்.

குளிர்ந்த எஞ்சினில் அவர் தேடியது கரி. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற மேனிஃபோல்டும் எஞ்சின் தலையும் சேருகிற இடம், சைலன்சர் பைப்பின் ஒவ்வொரு ஃபிளாஞ்ச், வெல்டு வைத்த முழங்கை. இணைப்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட் நன்றாக இருந்தால் அந்த விளிம்பில் தூசி மட்டும்தான் இருக்கும். ஓட்டை இருந்தால் விசிறி விரித்த மாதிரி ஒரு கறுப்புத் தடம். எங்கள் பைப்பில் முழங்கைக்குப் பின்பக்கம், சுவரை ஒட்டி, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் அந்த விசிறி இருந்தது. அதற்கு நேரே இருந்த பலகையில் பெயின்ட் பழுத்து உப்பியிருந்தது. அந்த உப்பலை நானே ஜூன் மாதம் பார்த்தேன், சுரண்டிவிட்டு மேலே புதுப் பெயின்ட் அடித்தேன். ஏன் உப்பியது என்று கேட்கத் தோன்றவில்லை.

பைப்பைச் சுற்றிய பழைய கயிற்றை நான் பிய்க்கப் போனேன், தடுத்துவிட்டார். பழைய போட்டுகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தில் நல்ல மாஸ்க் கட்டி, மெதுவாக அவிழ்த்துப் பையில் போட்டுக் கட்டினார். இப்போது கண்ணாடி நார்ப் பட்டை கிடைக்கிறது, அதைத்தான் சுற்றியிருக்கிறோம்.

கரித்தடம் ஒன்றைக் காட்டிவிட்டது. வேறு எங்கும் இல்லை என்பதற்கு என்ன நிச்சயம்? யார்டில் ஃபைபர் தூசி ஊதுகிற புளோயர் இருந்தது. அதன் வாயைத் துணி சுற்றி சைலன்சரின் வெளிவாயில் செருகிக் காற்றை உள்ளே ஊதவிட்டார். எஞ்சின் ஓடவில்லை, சூடு இல்லை, புகை இல்லை. பாத்திரம் விளக்குகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பூச்செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தார். முழங்கையில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. மேனிஃபோல்டின் கடைசி சிலிண்டர் பக்கமும் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. அதை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. ஒரு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நட்டே இல்லை.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற வேலையைத் தண்ணீரில் இறக்கிய பிறகே வைத்துக்கொண்டார். கடல் தண்ணீரால் குளிர்கிற எஞ்சினைக் கரையில் ஓட்டினால் வேறு செலவு வரும். ஜெட்டியில் கட்டி, எல்லா மூடியும் திறந்து, ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே நின்று குரல் கொடுத்தபடி. குளிர்ந்த எஞ்சின் எடுத்த முதல் ஒரு நிமிடம்தான் அவருக்கு முக்கியம். கேஸ்கெட் ஓட்டையில் அப்போது டிக் டிக்கென்று தனியாக ஒரு சத்தம் கேட்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும், ஓட்டை அடங்கியதாக நாம் நினைத்துக்கொள்வோம். சூடான பிறகு சோப்புத் தண்ணீர் கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும், வார்ப்பிரும்பு விரிசல் விடவும் வாய்ப்புண்டு. அதற்குப் பதில் ஒரு நீளக் குச்சியின் நுனியில் மெல்லிய காகிதக் கீற்றை ஒட்டி இணைப்புக்கு இணைப்பு காட்டினார். கசிவு இருந்தால் கீற்று துடிக்கும். ஊதுபத்தி கொளுத்திக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணெய் இருக்கிற அறையில் நெருப்பு முனையோடு போவதை என்னவென்று சொல்வது?

இதே நேரத்தில்தான் என் விரல் தப்பியது.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற நாசிலுக்குப் போகிற இரும்புப் பைப் ஒன்றின் கழுத்தில் டீசல் ஈரம் மின்னியது. எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். "கைய எடு மக்கா!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பேசினார். பைக் டயரில் இருக்கிற காற்று 2 பார் சொச்சம். பழைய மாதிரி எஞ்சினிலேயே நாசில் திறக்கிற அழுத்தம் 200 பார் அளவுக்கு வரும். புதிய எஞ்சின்களில் ஆயிரத்தைத் தாண்டும். முடி அளவு விரிசலிலிருந்து வருகிற அந்தப் பீச்சு கண்ணுக்குத் தெரியாது, தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, பெரிய வலியும் இருக்காது. உள்ளே டீசல் சதைக்குள் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கும், தாமதித்தால் விரலை எடுக்கும்படி ஆகிவிடும்.

எங்கள் மாவட்டத்தில் கையில் எது பட்டாலும் முதலில் தைலம் போட்டுத் தடவுவோம். வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு, தோள் இறங்கினபோது அவர்களிடம்தான் போனேன். ஆனால் இதைத் தடவக் கூடாது, கட்டிவைத்துக் காத்திருக்கவும் கூடாது. நேரே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரி. போனதும் "பிரஷரில் டீசல் பாய்ந்தது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புள்ளியை மட்டும் பார்த்தால் டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அவர் எப்படிப் பார்த்தார்? பைப்பெல்லாம் துடைத்து உலர்த்தி, ஒரு சட்டைப்பெட்டி அட்டையை நீளக் குச்சியில் செருகி, முகத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓடுகிற எஞ்சினில் பைப் நெடுக அட்டையைக் காட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அட்டையில் பொட்டு வைத்த மாதிரி ஈரம் விழுந்தது. நிறுத்தி, பிரஷர் இறங்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் ஸ்பானரை எடுத்தார். ஓடும்போது நட்டை முறுக்குகிற பழக்கம் எங்கள் டிரைவருக்கு இருந்தது. இப்போது இல்லை.

"டீசல் ஒழுகினா என்ன, பெட்ரோலா என்ன, டப்புன்னு புடிக்க?" என்று டிரைவர் கேட்டான். ஆசான் அவனைச் சைலன்சர் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பாத்திரத்தில் இருக்கிற டீசலில் தீக்குச்சி போட்டால் பற்றாமல் போகலாம். ஆனால் தீப்பொறியே இல்லாமல், வெறும் சூட்டிலேயே தானாகப் பற்றுகிற விஷயத்தில் டீசல் பெட்ரோலைவிட முந்திக்கொள்ளும், சுமார் 250 டிகிரி போதும். பாரம் இழுக்கிற எஞ்சினின் மேனிஃபோல்டு அதைத் தாண்டிச் சுடும். மேலே பனி மாதிரி பீச்சுகிற பைப், கீழே சுடுகிற மேனிஃபோல்டு. எங்கள் ஈரப் பைப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பவுடர் தீயணைப்பான் எஞ்சின் அறைக்கு வெளியே, வாசல் பக்கம் இருக்க வேண்டும். எங்களுடையது உள்ளே, டீசல் டாங்கியின் பின்னால் இருந்தது. தீ வந்தால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருந்திருக்கும்!

பிரஷர் இல்லாத பக்கத்துக் கசிவு சொட்டுச் சொட்டாக வருவது. ரிட்டர்ன் டியூப், ஃபில்டர் கிண்ணம், செம்பு வாஷர் வைத்த இணைப்புகள். இதற்கு ஆசானின் கருவி பழைய நாளிதழ். எஞ்சினைத் துடைத்து, அடியில் தாளை விரித்து, மூலையில் எந்தப் பக்கம் அணியம், அதாவது போட்டின் முன்பக்கம் என்று பேனாவால் எழுதி ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் தாளே வரைபடம். தண்ணீர்ச் சொட்டு காய்ந்து சுருக்கம் மட்டும் விட்டிருக்கும். ஆயில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். டீசல் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி மறுபக்கத்து எழுத்தைக் காட்டும், வெயிலில் வைத்தாலும் சட்டென்று காயாது. கறைக்கு நேர் மேலே பார்த்தால் குற்றவாளி. அங்கே முகப்பவுடரைத் தூவி ஊதிவிட்டால் ஈரம் எந்த வாஷரில் தொடங்குகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற டியூப் ஒழுகாமலேயே கெட்டிருக்கும் என்பது எனக்குப் புதிது. அங்கே பம்பு உறிஞ்சுவதால் ஓட்டையில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் ஏறி இறங்கி இரைவதும், திடீரென்று நிற்பதும் அதனால்தான். ஒரு வருடம் ஃபில்டரைக் குற்றம் சொல்லி மாற்றிக்கொண்டே இருந்தோம்.

வீட்டில் தம்பிக்கு ஒரு ஃபைபர் வள்ளம் உண்டு, பின்னால் மாட்டுகிற எஞ்சின். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. இதே கண்ணோடு அதையும் பார்த்தேன். அங்கே வேறு பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். வள்ளத்தின் அடியில் பலகைக்குக் கீழே போய்த் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். தம்பி சொன்னான், "கசிஞ்சா நாத்தம் அடிக்காதா?" மண்ணெண்ணெய் நாற்றத்திலேயே வளர்ந்த மூக்கு அவனுக்கு. அந்த நாற்றத்துக்குள் பெட்ரோல் நாற்றம் ஒளிந்துகொள்ளும். தவிர எந்த மூக்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும். இப்போது அவன் மனைவியைக் கூப்பிட்டுத்தான் மோந்து பார்க்கச் சொல்கிறான். அவள் வீட்டிலிருந்து புதிதாக வருகிற மூக்கு. அவள் வேண்டாம் என்றால் கயிற்றை இழுப்பதில்லை.

வள்ளத்து எஞ்சினில் முக்கியமான சோதனை டியூப் நடுவில் இருக்கிற ரப்பர்ப் பந்து. அதிலிருக்கிற அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து, பந்தைக் கல் மாதிரி ஆகும்வரை அமுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் கல்லாகவே இருந்தால் நல்லது. இளகிவிட்டால் எங்கோ போகிறது. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் தெரியும். வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பந்துக்குள் இருக்கிற வால்வு, இல்லாவிட்டால் கார்ப்பரேட்டர் ஊசி. தம்பியின் டியூப் ஒழுகவில்லை. ஆனால் கிளிப்பை அவிழ்த்தபோது முனை பிசுபிசுத்துக் கையோடு வந்தது. பழைய ரப்பருக்கு இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. 20 சதவீதம் கலப்பு 2023-இல் தொடங்கியது, டியூபோ அதற்கும் முந்தையது. கடையில் எரிபொருளுக்கென்றே விற்கிற டியூபைக் கேட்டு வாங்க வேண்டும். அக்வேரியத்துக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூபை மாட்டிவிட்டு "உள்ள ஓடுறது தெரியுதுல்லா" என்று பெருமைப்பட்ட ஆட்களை மணக்குடியிலிருந்து நீரோடிவரை பார்த்திருக்கிறேன். வெயிலில் அது விறைத்து வெடிக்கும். கிளிப் எவர்சில்வர்தானா என்று காந்தம் வைத்துப் பார்த்தேன், பாதி கிளிப் ஒட்டிக்கொண்டது. உப்புக் காற்றில் அவற்றுக்கு ஒரு வருடம் ஆயுள்.

கேனில் பெட்ரோல் ஊற்றுவதை மட்டும் வள்ளத்துக்குள் வைத்துச் செய்வதில்லை. மணலில் இறக்கி வைத்து, மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு ஏற்றுகிறோம்.

போட்டில் கேஸ்கெட் இரண்டும் மாற்றியாயிற்று, நட்டு போட்டாயிற்று. முழங்கைக்கு வெல்டு வைத்திருக்கிறோம், அது தாங்காது, அடுத்த தடைக்காலத்தில் புதிது போட வேண்டும். படுக்கிற இடத்தில் தலைமாட்டு உயரத்தில் பாட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டினோம். புகை அலாரம் இதற்கு உதவாது, அது வேறு சாமான். மழை பெய்தாலும் காற்று வராத பக்கத்துக் கதவு ஒரு கை அளவு திறந்தே இருக்கும். நனைகிறவன் நனையட்டும். எஞ்சின் அறைக் கதவுக்குப் பின்னால் அந்தச் சட்டைப்பெட்டி அட்டை ஒரு நூலில் தொங்குகிறது. புதிதாக வந்த பையன் அதைப் பார்த்து என்ன நேர்ச்சை என்று கேட்டான்.

பெரியப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புகையாவது மண்ணாவது, அன்றைக்கு அந்தச் சாளையில்தான் ஏதோ கோளாறு என்கிறார். சமையல் பையனிடம் இன்றுவரை மீனை மோந்து பார்த்த பிறகுதான் சட்டியில் போடவிடுகிறார்.